ஸ்லைடில் கிருமி தெரியவில்லை என்றால் உண்ணிக் காய்ச்சல் இல்லையா?

கேள்வியின் சுருக்கம் இது. ஜிம்மி, நான்கு வயது லேப்ரடார், 25 கிலோ. ஐந்து நாளாகச் சாப்பாட்டில் நாட்டமில்லை. ஈறு வெளுத்திருக்கிறது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. இரண்டு வாரத்துக்கு முன் காதுமடலுக்குள்ளிருந்து உண்ணிகளைப் பிடுங்கிப் போட்டதாக வீட்டார் சொல்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 5.9, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்கள் நிரப்பும் பங்கு) 18 சதவீதம், சிவப்பணு 24 லட்சம், வெள்ளையணு 8,200, பிளேட்லெட் 38,000. பிலிருபின் (சிவப்பணு உடைவதால் வரும் மஞ்சள் நிறமி) 1.9, யூரியா சற்று அதிகம், கிரியாட்டினின் 0.9, குளோபுலின் என்ற ரத்தப் புரதம் 4.6. அறிக்கையின் கடைசி வரி: "ரத்த ஒட்டுண்ணி எதுவும் காணப்படவில்லை." துரித சோதனை அட்டையும் நெகட்டிவ். இவ்வளவுக்குப் பிறகும் மருத்துவர் பேபிசியாவாகத்தான் (உண்ணி வழியாக வந்து சிவப்பணுவுக்குள் வாழும் ஒட்டுண்ணி) இருக்கும் என்கிறார், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை எடுக்கச் சொல்கிறார். இரண்டு பரிசோதனை இல்லை என்ற பிறகும் அதே நோயை எப்படிச் சொல்கிறார், இது வீண் செலவா, அதுவரை பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மருத்துவர் பக்கம்தான் நான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாய்களின் ரத்த ஸ்லைடுகளை நுண்ணோக்கியில் பார்த்து வருகிறேன். அந்தக் கடைசி வரியை நம்பி முதல் சில ஆண்டுகளில் நானே தவறியிருக்கிறேன். அறிக்கையை வாங்கியதும் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது அங்கேதான். ஆனால் அறிக்கையில் மிகக் குறைவாகச் சேதி சொல்லும் வரியும் அதுவே. மேலே இருக்கும் எண்கள்தான் பேசுகின்றன.

முதலில் சிவப்பணுக்கள். நாய்க்குப் பிசிவி 37 முதல் 55 வரை இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12 முதல் 18. ஜிம்மிக்குப் பாதிக்கும் குறைவான சொத்துதான் மிச்சம். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய பிசிவி வர வேண்டும், 5.9 மடங்கு மூன்று 17.7, அறிக்கையில் 18. கணக்கு சரியாக இருப்பதால் இயந்திரம் இந்த இடத்தில் பொய் சொல்லவில்லை என்று கொள்ளலாம். ரத்தம் எடுத்த பிறகு குழாயிலேயே அணுக்கள் உடைந்திருந்தால் இந்தக் கணக்கு இடித்துக்கொண்டு நிற்கும். மனிதர்களுக்கான ஆய்வகத்தில் நாயின் ரத்தத்தைக் கொடுத்து வாங்கும் அறிக்கைகளில் நான் முதலில் போட்டுப் பார்ப்பது இந்தப் பெருக்கலைத்தான்.

சிவப்பணு குறைந்தது சரி, எங்கே போயிற்று? வெளியே கொட்டியிருக்கலாம், உள்ளே உடைந்திருக்கலாம், எலும்பு மஜ்ஜை உற்பத்தியையே நிறுத்தியிருக்கலாம். இந்த மூன்றையும் பிரிக்கும் எண் உங்கள் அறிக்கையில் இல்லை: ரெட்டிகுலோசைட், அதாவது மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் சிவப்பணு. அடுத்த முறை கேட்டு வாங்குங்கள். எட்டு சதவீதம் என்று வந்தால், 24 லட்சத்தில் எட்டு சதவீதம் 1,92,000. எண்பதாயிரத்தைத் தாண்டினாலே மஜ்ஜை விழித்துக்கொண்டு ஈடுகட்டப் பார்க்கிறது என்று பொருள். நாயின் உடல் இதற்கு மூன்று முதல் ஐந்து நாள் எடுத்துக்கொள்ளும். நோயின் இரண்டாம் நாளே எடுத்த ரத்தத்தில் ரெட்டிகுலோசைட் குறைவாக இருந்தால் மஜ்ஜையைக் குறை சொல்லக் கூடாது. அதற்கு அவகாசம் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். ஜிம்மிக்கு ஐந்து நாள் ஆகிவிட்டது. சிவப்பணுவின் சராசரி அளவைக் கணக்கிட்டால் 75 வருகிறது, இயல்பின் மேல் விளிம்பு. இளம் அணுக்கள் பெரியவை என்பதால், எண்ணிப் பார்க்காமலே மஜ்ஜை வேலையைத் தொடங்கிவிட்டது என்று ஊகிக்கிறேன்.

உள்ளே உடைகிறதா வெளியே கொட்டுகிறதா என்பதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பிசிவி பார்க்கும் மெல்லிய கண்ணாடிக் குழாயைச் சுழற்றி எடுத்ததும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன். அடியில் சிவப்புத் தூண், நடுவே நூல் தடிமனில் வெள்ளைப் பட்டை, மேலே பிளாஸ்மா. அந்த மேல் நீர் தெளிவாக, வைக்கோல் நிறம்கூட இல்லாமல் இருந்தால் நல்லது. மஞ்சளாக இருந்தால் பிலிருபின். ரோஜாப் பூவைக் கரைத்ததுபோல் இருந்தால் ரத்தக் குழாய்க்குள்ளேயே அணுக்கள் உடைகின்றன. எண்ணைப் படித்துவிட்டுக் குழாயைக் குப்பையில் போடுகிறவர்கள் பாதி அறிக்கையைக் குப்பையில் போடுகிறார்கள். ஜிம்மியின் பிலிருபின் 1.9. நாய்க்கு அது அரையைத் தாண்டுவதே அதிகம். அவன் குழாய் மஞ்சளாகத்தான் இருந்திருக்கும்.

சிறுநீரையும் இப்படியே சோதிக்கலாம். கறுத்த சிறுநீரைச் சுழற்றி வைத்தால், சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் அது ரத்தக் கசிவு. சுழற்றிய பிறகும் முழுவதும் அதே நிறத்தில் நின்றால் கரைந்த ஹீமோகுளோபின். பிளேட்லெட் 38,000 இருக்கும் நாயில் இரண்டுக்கும் வாய்ப்புண்டு, ஆகவே ஊகத்தில் விடக் கூடாது. யூரியா கூடி கிரியாட்டினின் இயல்பாக இருப்பதைக் கண்டு சிறுநீரகம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். குடலில் ரத்தம் கசிந்தாலும், அணுக்கள் உடைந்து புரதம் கூடினாலும் யூரியா தனியாக ஏறும். கிரியாட்டினினும் சேர்ந்து ஏறினால்தான் கவலை. அப்போது எலிக்காய்ச்சலையும் பட்டியலில் சேர்க்க வேண்டும், முக்கியமாக மழைக்காலத்தில்.

இனி பிளேட்லெட். டெங்கு வந்த பிறகு தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சொல் இது, அதனாலேயே எல்லோரையும் பயமுறுத்தும் சொல்லும்கூட. நாய்க்கு இரண்டு முதல் ஐந்து லட்சம் இயல்பு. ஆனால் இயந்திரம் சொன்ன 38,000-ஐ அப்படியே நம்ப மாட்டேன். ரத்தம் எடுக்கும்போது ஊசி இரண்டு மூன்று முறை குத்தப்பட்டிருந்தாலும், நாய் திமிறியதால் ரத்தம் மெதுவாக வந்திருந்தாலும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். இயந்திரம் கொத்தை எண்ணத் தெரியாமல் விட்டுவிடும். ஸ்லைடின் ஓரத்தில் கொத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்ஸில் ஒரு வட்டத்துக்கு எத்தனை பிளேட்லெட் என்று பத்து வட்டம் எண்ணிச் சராசரி எடுத்தால் போதும். ஒரு பிளேட்லெட்டுக்குப் பதினைந்தாயிரம் என்று தோராயமாகப் பெருக்கலாம். வட்டத்துக்கு இரண்டு மூன்று என்று வந்தால் 38,000 உண்மை. பத்து வந்தால் இயந்திரம் ஏமாந்திருக்கிறது.

எண் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். சிவப்பணு உடைகிறது, பிளேட்லெட்டும் சரிந்திருக்கிறது. இந்த ஜோடிதான் என் கவனத்தைப் பிடித்து நிறுத்துகிறது. வெங்காயம் தின்று சிவப்பணு உடைந்த நாயில் பிளேட்லெட் பெரும்பாலும் கலையாமல் இருக்கும். உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான எர்லிக்கியாவில் பிளேட்லெட் குறையும், குளோபுலின் ஏறும், ஆனால் சிவப்பணு உடைந்து குறைவதைவிட உற்பத்தி குன்றிக் குறைவதே வழக்கம். மஞ்சளும் கறுத்த சிறுநீரும் அதற்குப் பொருந்தாது. அதுபோலவே உண்ணி பரப்பும் அனப்ளாஸ்மாவில் பிளேட்லெட் மட்டும் ஏறி இறங்கும், ரத்தசோகை பெரிதாக இராது. உண்ணி கடித்த நாய், உடையும் சிவப்பணு, காணாமல்போன பிளேட்லெட், சற்றே ஏறிய குளோபுலின் ஆகிய நான்கும் ஒன்றுகூடும்போது, ஸ்லைடைப் பார்ப்பதற்கு முன்பே தாளின் ஓரத்தில் பேபிசியா என்று பென்சிலால் எழுதிவிடுவேன். பென்சிலால்தான். உண்ணி ஒரு நோயோடு நிற்பதில்லை என்பதால் எர்லிக்கியாவும் சேர்ந்தே இருக்கலாம். உடலே தன் அணுக்களைத் தாக்கும் நோயிலும் இதே ஜோடி வரும்.

பிளேட்லெட் ஏன் குறைகிறது என்று கேட்பீர்கள். வீங்கிய மண்ணீரல் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, நோய் எதிர்ப்பு அணுக்கள் தின்கின்றன, நுண்குழாய்களில் உறைதல் நடந்து செலவாகின்றன. இந்த நோயில் 38,000 இருந்தும் பல நாய்களில் ஒரு சிவப்புப் புள்ளிகூட வெளியே தெரியாது. அதனால் எண்ணைவிட ஈறையும் அடிவயிற்றுத் தோலையும் பார்க்கச் சொல்வேன்.

இப்போது ஸ்லைடுக்கு வருகிறேன். நம் பக்கத்து நாய்களில் இரண்டு பேபிசியாக்கள் இருக்கின்றன. வோகலி பெரியது. சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவில் ஜோடியாக, கூர் முனைகள் சேர்ந்து நிற்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஜிப்சோனி சிறியது, ஒன்று முதல் இரண்டரை மைக்ரான்தான். நாயின் சிவப்பணுவே ஏழு மைக்ரான். அந்த வட்டத்துக்குள் ஒரு மூலையில் கல் வைத்த மோதிரம்போல, நடுவில் வெளிறி ஓரத்தில் ஊதாப் புள்ளியோடு ஒட்டியிருக்கும். சாயத் துகள் மேலே படிந்தாலும் இப்படித்தான் தெரியும். சிவப்பணுவின் மேல் ஒரு பிளேட்லெட் ஏறி உட்கார்ந்தாலும் இப்படித்தான். இந்த மூன்றையும் பிரிக்க நான் செய்வது, நுண்ணோக்கியின் நுண்திருகை அரைச் சுற்று முன்னும் பின்னும் நகர்த்துவது. சாயத் துகள் பளிச்சென்று மின்னும். பிளேட்லெட் சிவப்பணு மங்கிய பிறகும் தெளிவாக நிற்கும், ஏனென்றால் அது வேறு தளத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி வெளிறிய வளையமும் தெரியும். உண்மையான ஒட்டுண்ணி சிவப்பணுவோடு சேர்ந்தே தெளியும், சேர்ந்தே மங்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஜிம்மியின் சிவப்பணுக்களில் பத்தாயிரத்துக்கு ஒன்றில் ஒட்டுண்ணி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் லென்ஸின் ஒரு வட்டத்தில் ஏறக்குறைய இருநூறு சிவப்பணு தெரியும். ஐம்பது வட்டம் பார்த்தால் சராசரியாக ஒன்று கண்ணில் படும். அவசர நேரத்தில் பத்து வட்டம் பார்த்துவிட்டு "காணப்படவில்லை" என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. அதே வேளையில் ஒரு மைக்ரோலிட்டரில் 24 லட்சம் சிவப்பணு, அதில் பத்தாயிரத்தில் ஒன்று என்றால் 240. இருபத்தைந்து கிலோ நாயின் உடலில் ஓடும் ரத்தம் சுமார் இரண்டு லிட்டர். ஆக 48 கோடி ஒட்டுண்ணிகள் உடலில் இருக்க, ஸ்லைடில் ஒன்றும் இல்லை.

இவ்வளவு குறைவான ஒட்டுண்ணி எப்படி இவ்வளவு ரத்தத்தைக் குடிக்கும் என்ற கேள்வி நியாயமானது. குடிப்பது அது மட்டும் இல்லை. ஒட்டுண்ணி புகுந்து உடைக்கும் அணுக்கள் கொஞ்சம்தான். அதன் கழிவும் ஆக்சிஜனேற்றமும் பக்கத்து அணுக்களின் தோலைக் கெடுக்கின்றன, உடல் அவற்றை அந்நியர் என்று முத்திரை குத்துகிறது, மண்ணீரல் நல்லதையும் கெட்டதையும் சேர்த்து அரைக்கிறது. அதனால்தான் ரத்தசோகையின் ஆழத்துக்கும் ஸ்லைடில் தெரியும் ஒட்டுண்ணியின் எண்ணிக்கைக்கும் இந்த நோயில் நேர் விகிதம் கிடையாது. ஒரு சொட்டு ரத்தத்தில் நான்கைந்து பங்கு உப்புநீர் கலந்து ஸ்லைடில் வைத்தால் சில நாய்களில் சிவப்பணுக்கள் திராட்சைக் கொத்துப்போல் ஒட்டிக்கொள்ளும். அதைக் கண்டதும் உடலே தன்னைத் தாக்கும் தனி நோய் என்று முடிவுகட்டி, உண்ணியை மறந்துவிட்டு, பெரிய அளவில் ஸ்டீராய்டு தொடங்கினால் ஒட்டுண்ணிக்கு விருந்து. அப்படி ஒரு நாய் என் மேசையில் மூன்று வாரம் கழித்து வந்திருக்கிறது. அப்போது அதன் ஸ்லைடில் ஜிப்சோனியைத் தேட வேண்டியிருக்கவில்லை, ஒவ்வொரு வட்டத்திலும் இருந்தது.

ஸ்லைடைத் திரும்ப எடுக்கப் போகிறீர்கள் என்றால் எங்கிருந்து, எப்படி என்பது முக்கியம். காதுமடல் ஓரத்தில் சிறு குத்துக் குத்தி, வரும் முதல் சொட்டில் அங்கேயே தடவ வேண்டும். நுண்குழாய்களில் ஒட்டுண்ணி உள்ள அணுக்கள் தேங்கி நிற்பதால் காலில் எடுக்கும் ரத்தத்தைவிட இங்கே வாய்ப்பு அதிகம். பார்க்கிறவரும் தடவலின் நடுப்பகுதியோடு நிற்காமல் இறகுபோல் மெலியும் நுனிக்குப் போக வேண்டும். கனத்த அணுக்கள் அங்கேதான் இழுத்துச் செல்லப்படும். குழாயில் அரை நாள் கிடந்து, வெயிலில் கூரியரில் பயணம் செய்த ரத்தத்தில் தடவிய ஸ்லைடைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

துரித அட்டை விஷயம் சுலபம். அதன் உறையை எடுத்து எந்தெந்த நோய் என்று படியுங்கள். பரவலாக விற்கும் நான்கு நோய் அட்டை இதயப்புழு, எர்லிக்கியா, அனப்ளாஸ்மா, லைம் ஆகியவற்றுக்கானது. பேபிசியா அதில் இல்லவே இல்லை. கேட்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்? பேபிசியாவும் சேர்த்துப் பார்க்கும் அட்டைகள் உண்டு. அவை கிருமியை அல்ல, அதை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுபவை. நோயின் முதல் நாட்களில் எதிர்ப்பொருள் உருவாகியிராது, எப்போதோ வந்து போன நோய்க்கும் கோடு தெரியும். இரண்டு பக்கமும் ஏமாற்றக்கூடிய கோடு அது.

சற்று விலகி ஒரு செய்தி. ஜிப்சோனி நமக்கு வெளியூர் விருந்தாளி இல்லை. உலகில் முதன்முதலாக அதை அடையாளம் கண்டது மதராஸில். 1910இல் டபிள்யூ. எஸ். பேட்டன் என்பவர், மதராஸ் வேட்டைக் குழுவின் நாய்களின் ரத்தத்தில் இந்தச் சிறிய ஒட்டுண்ணியைப் பார்த்து எழுதினார். பிறகு நரியின் ரத்தத்திலும் அதையே கண்டார். ஆங்கிலப் புத்தகங்களில் பேபிசியாவால் நாய் ஓரிரு நாளில் மடிவதாக எழுதியிருப்பதைப் படித்துப் பயந்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில் இருக்கும் ரோசி என்ற வேறு இனத்தைப் பற்றியவை. அது கொடியது. நம்முடையவை பொதுவாக அந்த அளவுக்கு மூர்க்கம் காட்டுவதில்லை. ஆனால் ஜிப்சோனி எளிதில் விட்டுப் போகாது.

அதனால்தான் பிசிஆர் வீண் செலவில்லை. நோய் இருக்கிறதா என்பதோடு, எந்த இனம் என்றும் அது சொல்லும். வோகலிக்கு இமிடோகார்ப் ஊசி நன்றாக வேலை செய்கிறது. ஜிப்சோனியில் அதே ஊசி நாயைத் தேற்றுவதுபோல் தேற்றி, ஒட்டுண்ணியை மிச்சம் வைத்துவிடும்; சில வாரங்களில் பழைய கதை திரும்பும். அதற்கு அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்ந்த சிகிச்சை. முதல் மருந்தைக் கொழுப்புள்ள உணவோடு கொடுக்காவிட்டால் உடலில் ஏறாது. விலையும் கூடுதல். எந்த இனம் என்று தெரியாமல் அந்த விலையைக் கொடுப்பதுதான் வீண் செலவு. ஜிம்மி சமீபத்தில் வேறு நாயோடு சண்டை போட்டுக் கடிபட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஜிப்சோனி உண்ணி இல்லாமல், நாய்க்கடி வழியாகவும் பரவும்.

நாய்க்கு ரத்தம் ஏற்ற வேண்டுமா என்பதை 18 என்ற எண் மட்டும் தீர்மானிக்காது. அவன் நின்று நடக்கிறானா, மூச்சு வாங்குகிறானா, இதயத் துடிப்பு எவ்வளவு என்று மருத்துவர் பார்ப்பார். பதினைந்தை நெருங்கினால் கொடையாளி நாயை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்வது நல்லது. அந்த நாயின் ரத்தத்தையும் இதே ஒட்டுண்ணிகளுக்குச் சோதித்த பிறகுதான் ஏற்ற வேண்டும். இன்னொன்று: சிரையில் திரவம் ஏற்றிய மறுநாள் பிசிவி 18 இலிருந்து 16 ஆனால் உடனே கலங்க வேண்டாம். தண்ணீர் சேர்ந்து நீர்த்திருக்கலாம். மொத்தப் புரதமும் அதே அளவு இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள்.

சிகிச்சை தொடங்கியபின் எண்கள் ஏறும் வரிசையும் தெரிந்திருக்கட்டும். முதலில் பிளேட்லெட், மூன்று முதல் ஐந்து நாளில். பிசிவி வாரக்கணக்கில் ஊர்ந்து வரும். ஐந்தாம் நாள் பிளேட்லெட் ஏறி, பிசிவி அப்படியே இருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று மாற்றச் சொல்லாதீர்கள். பிளேட்லெட் மறுபடி சரிந்தால் அதுதான் நோய் திரும்புவதன் முதல் அறிகுறி. நாய் துள்ளி விளையாடினாலும் அறுபதாம் நாளும் தொண்ணூறாம் நாளும் பிசிஆர் எடுத்து இரண்டும் நெகட்டிவ் என்றால் நிம்மதியாகலாம்.

பப்பாளி இலைச் சாறு வேண்டாம். குமட்டலில் இருக்கும் நாயின் வாயைப் பிளந்து கசப்பை ஊற்றினால் கொஞ்சநஞ்சம் சாப்பிடுவதையும் நிறுத்திவிடும். பிளேட்லெட்டைத் தின்னும் காரணம் ரத்தத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போது மேலிருந்து ஊற்றி நிரப்ப முடியாது. ஒட்டுண்ணி அடங்கினால் அது தானாக ஏறும்.

நாளைக் காலை செய்ய வேண்டியது இவ்வளவு. எந்த ஊசியும் போடுவதற்கு முன் ஊதா மூடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம், பிசிஆருக்கு. மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் நெகட்டிவ் வந்தாலும் அதை நம்ப முடியாது. காதுமடலிலிருந்து இரண்டு ஸ்லைடு, அங்கேயே காற்றில் உலர்த்தி. ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையும் சுழற்றிய சிறுநீரும். குழாயின் மேல் நாயின் பெயர், தேதி, நேரம், "மருந்துக்கு முன்" என்று எழுதச் சொல்லுங்கள். ரத்தத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்து அனுப்பலாம், பனிக்கட்டியாக உறையவிடக் கூடாது. முடிவு வரச் சில நாள் ஆகும். ஜிம்மி அதுவரை தாங்குவானா என்பது அவனைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவருக்குத்தான் தெரியும். முடிவுக்காகக் காத்திராமல் அவர் அன்றே மருந்தைத் தொடங்கினால் தடுக்காதீர்கள்.